மூன்றாம் பத்தி

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் ஜலாலைத் திட்டித் தீர்த்தவர்கள் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமும் தேவைப்படும்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு மட்டும் நாலு வரி சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஈச்சமரச் சந்து என்று ஒன்று. நாற்பத்தேழு வீடு, ஒரு குழாய்கூடக் கிடையாது. ஜலால் அந்தச் சந்துக்காரன். சர்க்கார் கச்சேரி வாசலில் வேப்பமரத்தடியில் பலகையைப் போட்டு ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவன். சந்துக்குக் குழாய் வேண்டும் என்று நகரசபைக்கு அவனே ஒரு மனு எழுதினான். செவ்வாய்க்கிழமை நகரசபைச் சேவகன் வந்தான். வியாழக்கிழமை ஓவர்சியர் நேரில் வந்து விசாரிப்பார் என்று சொன்னான். சொன்னவன் சும்மா போகக் கூடாதா? மனுவையும் சந்து முனையில் நின்று உரக்க வாசித்தான்.

மூன்றாம் பத்தி இப்படி இருந்தது:

‘என் தகப்பனார் சேக் இஸ்மாயில் அறுபத்தெட்டு வயதான தள்ளாத கிழவர். எழுந்து நடமாட இயலாதவர். ஒரு மிடறு தண்ணீருக்கும் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பவர்.’

அந்தத் தள்ளாத கிழவர் அப்போது கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். வெற்றிலைப் பேட்டையிலிருந்து வேலை முடிந்து, தோளில் கூடையோடு, நடந்து வந்தவர். எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் கூடையோடு வீட்டுக்குள் போனார். அன்றிலிருந்து மகனோடு பேச்சில்லை.

ஜலால் கெட்டவன் இல்லை. எழுதிப் பழகியவன், அவ்வளவுதான். முதல் பத்தியில் துரையவர்கள் சமூகத்துக்குக் கும்பிடு, இரண்டாம் பத்தியில் விஷயம், மூன்றாம் பத்தியில் தள்ளாத தாய் தகப்பன். தொழில் கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். எருமை காணாமல் போனாலும் சரி, வரப்புத் தகராறு ஆனாலும் சரி, அவன் எழுதும் மனுவில் மூன்றாம் பத்திக்கு ஒரு தள்ளாத தகப்பன் வந்துவிடுவார். தகப்பன் செத்து இருபது வருஷமான ஒருவனுக்கும் ஒரு தள்ளாத தகப்பனை எழுதிக் கொடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டவன் இவன்.

இன்று அந்த வியாழக்கிழமை.

*

விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு சேக் இஸ்மாயில் இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் முக்குக்குப் போய்விடுவார். குழாய் அங்கேதான். மருமகள் ஆரிபாவுக்கு இது ஏழாம் மாதம். குடம் தூக்கக் கூடாது என்று மருத்துவச்சி சொன்ன நாளிலிருந்து, வீட்டுக்குக் காலைத் தண்ணீர் இப்படித்தான் வருகிறது. ஏழு மணிக்கு எழுந்திருக்கிற மகனுக்கு இது தெரியாது. யாரும் சொல்லக் கூடாது என்பது அவர் உத்தரவு. எழுந்து நடமாட இயலாதவர் கொண்டுவந்த தண்ணீரில் முகம் கழுவிவிட்டுத்தான் அந்தப் பிள்ளை போய் அந்த மனுவை எழுதியது! நினைத்தால் எனக்கே கை துறுதுறு என்று வருகிறது.

அவர் குடத்தை இறக்கி வைத்தபோது பக்கத்து வீட்டு சுல்தான் பீவி ஒரு கயிற்றுக் கட்டிலை இழுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் போட்டாள். தலையணை வைத்தாள். மேலே ஒரு போர்வை.

“அண்ணே, பத்து மணிக்கு அந்த ஓவர்சியர் வாராராம். ஒரு அரை மணி நேரம் இதுல சாஞ்சுக்கங்க. போர்வையப் போத்திக்கிட்டு ரெண்டு தடவ இருமுனீங்கன்னா போதும். நாப்பத்தேழு வீட்டுக்கும் குழாய் வந்துரும்.”

“எனக்கு இருமல் இல்லையேம்மா.”

“வரவழைச்சுக்க வேண்டியதுதான். அரை நாள் படுத்தா என்னண்ணே கொறஞ்சு போகுது? ஒங்க மருமக வயித்தத் தள்ளிக்கிட்டு மத்தியானத்துல செம்பு செம்பா தூக்கிட்டு வருது. பாக்கச் சகிக்கல.”

அது உண்மை. காலையில் அவர் கொண்டுவரும் இரண்டு குடம் மத்தியானம் வரைக்கும்தான். சேக் இஸ்மாயில் கட்டிலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“ஒங்க வீட்டுக்காரரு மூணு வருசமாப் படுக்கையில இருக்காக. அவரக் கட்டிலோட தூக்கியாந்து சந்து முனையில போட்டு ஓவர்சியருக்குக் காட்டுவமா? அவரு இருமக்கூட வேண்டியதில்ல.”

சுல்தான் பீவிக்கு முகம் சுண்டிவிட்டது. அவள் வீட்டுக்காரர் முகைதீன் பிச்சைக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து மூன்று வருஷம்.

“அல்லா! என்ன பேச்சுண்ணே அது? அவுகளப் போயி நாலு பேருக்கு முன்னாலயா? இன்னைக்கு வரைக்கும் அவுகளத் தள்ளாதவுகன்னு என் வாயால ஒரு தடவ சொன்னதில்ல. யாரு கேட்டாலும் கொஞ்சம் முடியாம இருக்காகன்னுதான் சொல்லுவேன்.”

“அது எனக்குத் தெரியும்மா. அந்த ஒரு வார்த்தையிலதான் அவரு இன்னமும் அந்த வீட்டுக்கு எசமானா இருக்காரு. என்னையும் அப்படியே விட்ருங்க.”

 அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். கட்டில் அங்கேயே கிடந்தது.

சேக் இஸ்மாயில் தலைப்பாகையைக் கட்டும்போது ஆரிபா கதவோரமாக வந்து நின்றாள். இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. மாமனார் முன்னால் அதிகம் பேசிப் பழக்கமில்லாத பெண்.

“மாமா, எனக்காகன்னு நெனச்சு நீங்க அதுல படுக்க வேணாம்.”

“தண்ணிக்கு என்ன செய்வ?”

“இம்புட்டு நாளும் செஞ்சதத்தான். நீங்க படுத்து எந்திரிச்சு வந்த குழாயில நான் ஒரு குடம் தண்ணி புடிக்க மாட்டேன் மாமா. என் புள்ளைக்கும் அந்தத் தண்ணி வேணாம்.”

சேக் இஸ்மாயில் சற்று நேரம் தலைப்பாகையையே சரி செய்துகொண்டிருந்தார். கண் கலங்கியதை மருமகள் பார்த்துவிடக் கூடாதல்லவா! “நல்லாருத்தா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேட்டைக்கு நடந்தார்.

*

ஜலால் எழுந்து வந்து கட்டிலைப் பார்த்தான். அது காலியாக இருந்தது.

“அத்தா எங்க?”

“பேட்டைக்குப் போயிட்டாக.”

“இன்னைக்குமா? ஆரிபா, ஒனக்கு நெலம புரியுதா? ஓவர்சியர் வந்து பாக்கையில அத்தா நடந்து வந்தாகன்னா மனு பொய்யாயிரும். குழாயும் போச்சு. பொய் மனு எழுதுனவன்னு என்னயக் கச்சேரி வாசல்லயே உக்கார விடமாட்டான்.”

“நீங்க எழுதுனத நீங்க படிச்சுப் பாத்தீங்களா?”

“அது மனு பாஷ. எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுறது.”

“எல்லாருக்குமா?” என்றாள் ஆரிபா. “அப்ப இவுக யாரோ எவரோவா?”

 அவன் சட்டையை மாட்டிக்கொண்டு பேட்டைக்கு ஓடினான். எப்படியாவது கெஞ்சிக் கூத்தாடிப் பத்து மணிக்குள் அத்தாவைக் கட்டிலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் அப்போதும் அவன் நினைப்பு.

வெற்றிலைப் பேட்டை காலையில் ஈரத்தில் மிதக்கும். சோழவந்தான் கூடைகள் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. சேக் இஸ்மாயிலுக்குக் கண் கொஞ்சம் மங்கல். ஆனால் விரல் மங்கவில்லை. கட்டின் ஓரத்தை விரலால் ஒரு ஓட்டு ஓட்டினால், ஒரு கவுளிக் கட்டுக்கு நூறு வெற்றிலை இருக்கிறதா, உள்ளே பழுத்த இலையைச் சொருகியிருக்கிறார்களா என்று சொல்லிவிடுவார். நாற்பது வருஷமாக அந்தப் பேட்டையில் அவர் சொன்னதற்கு மேல் பேச்சில்லை.

ஜலால் போய்ச் சேர்ந்த நேரம், கூடைகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வெடித்தது.

“ஏய் கெழவா! இன்னும் உசுரோடதான் இருக்கியா?”

சோழவந்தான் கருத்தக்கண்ணன். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறவர், வயது எழுபது. வந்தவர் சேக் இஸ்மாயில் தோளில் கையைப் போட்டு ஒரு உலுக்கு உலுக்கினார்.

“ஒன்ன அனுப்பி வச்சுட்டுத்தான்யா நான் போவேன்” என்றார் சேக் இஸ்மாயில். வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு நாளாக வீட்டில் கேட்காத சிரிப்பு.

ஜலாலுக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் போய் நின்றான்.

“பெரியய்யா கெழவன்னு கூப்புட்டா சிரிக்கிறீங்க. நான் எழுதுனதுக்கு மட்டும் ரெண்டு நாளா மூஞ்சியக் காட்ட மாட்டேங்குறீங்களே அத்தா.”

சேக் இஸ்மாயில் வாய் திறப்பதற்குள் கருத்தக்கண்ணன் முந்திக்கொண்டார். விஷயம் முழுக்க அவர் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது.

“தம்பி, நான் இவன் தோள்ல கையப் போட்டுக்கிட்டுச் சொல்றேன். நீ எங்க நின்னுக்கிட்டு எழுதுன?”

“ஊருக்கு ஒரு நல்லது நடக்கட்டுமேன்னுதான் பெரியய்யா...”

“ஒங்க ஊட்டு வெவகாரம். எனக்கென்ன?” என்று அவர் அடுத்த கூடைக்குத் திரும்பினார். திரும்பியவர் ஞாபகம் வந்து நின்றார். “ஆங், மறந்துட்டேன். எங்க சின்னச்சாமி போன மாசம் ஒன்கிட்ட வாய்க்காத் தண்ணிக்கு ஒரு மனு எழுதி வாங்குனானாம்ல? அதுக்கு ஆபீசுலருந்து காகிதம் வந்திருக்கு. மனுவோட நகலும் இருக்காம். எனக்கெங்க படிப்பு? சாயந்திரம் கொண்டாறேன், வாசிச்சுச் சொல்லு.”

சின்னச்சாமி கருத்தக்கண்ணனின் மகன். அவனுக்கு எழுதிக்கொடுத்த மனுவின் மூன்றாம் பத்தி ஜலாலுக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது.  “சரி பெரியய்யா” என்றான்.

சேக் இஸ்மாயில் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மகனைத் தனியே கூட்டிப்போனார். இரண்டு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

“வயசாச்சுன்னு எழுது. எனக்கு வெக்கமில்ல. முட்டி வலிக்குது, கண்ணு சரியாத் தெரியல, அதையும் எழுது. கெழவன்னுகூட எழுது, பொய்யில்லையே! அறுவத்தெட்டு வருசம் அல்லா குடுத்த ஹயாத்து, நான் என்ன திருடியா வச்சிருக்கேன்? ஆனா பிறர் கைய எதிர்பார்த்துக் கிடப்பவர்னு எழுதுன பாரு... அத அந்தச் சேவகன் வாசிக்கையில, தோள்ல இருந்த கூடைய எங்கடா ஒளிச்சு வைக்கிறதுன்னு தேடுனேன் நான். நாப்பது வருசம் ஒழச்சுத் தூக்குன கூடை. அத ஒளிக்கப் பாத்தேன்டா.”

ஜலால் தலையைக் குனிந்துகொண்டான். கட்டிலில் வந்து படுங்கள் என்று கேட்கத்தான் ஓடி வந்தான். அந்தப் பேச்சு வாயிலிருந்து வரவேயில்லை.

“நட. பத்து மணியாகப் போகுது” என்றார் அவர்.

*

ஓவர்சியர் சுடலைமுத்து திருநெல்வேலிக்காரர். தலையில் வெயில் தொப்பி, கையில் மனுக்கட்டு, பின்னால் அளவுச் சங்கிலியோடு சேவகன். சந்து ஜனம் முழுவதும் திரண்டிருந்தது. நடுவில் கட்டிலும் போர்வையும் தலையணையும் யாருக்காகவோ காத்துக் கிடந்தன.

“எங்கவே அந்தத் தள்ளாத கிழவர்?” என்றார் ஓவர்சியர்.

சந்து முனையிலிருந்து அப்பாவும் மகனும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். சுல்தான் பீவி கண்ணால் கட்டிலைக் காட்டினாள். காலையில் கேட்டது மறந்துபோய் அல்ல, ஆசை விடவில்லை. சேக் இஸ்மாயில் கட்டிலைச் சுற்றிக்கொண்டு நேரே ஓவர்சியர் முன்னால் போய் நின்றார்.

“சலாமுங்க. நான்தான் சேக் இஸ்மாயில்.”

ஓவர்சியர் அவரை மேலும் கீழும் பார்த்தார். மனுவைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

“எழுந்து நடமாட இயலாதவர்னு போட்டிருக்கு?”

“நடமாடித்தான் வந்தேனுங்க.”

“அப்போ இது பொய் மனு. எழுதினவன் யாரு?”

“நான்தானுங்க” என்று ஜலால் முன்னால் வந்தான். பிழைப்பே போகலாம், ஆனாலும் வந்தான். அதைச் சொல்லியாக வேண்டும். “தப்பு என்னோடது. அத்தாவுக்கோ சந்துக்காரங்களுக்கோ இதுல சம்பந்தமில்ல.”

ஓவர்சியர் மனுவை மடித்துக் கட்டுக்குள் செருகினார். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று ஒருத்தி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. ஆரிபா.

“அய்யா, போறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுட்டுப் போங்க. எந்திரிக்க முடியாதவுகன்னு மனுவுல எழுதியிருக்கிற மாமாதான் ரெண்டு மாசமா தெனமும் விடியக்காலம் எனக்காகப் பள்ளிவாசல் முக்குலருந்து ரெண்டு கொடம் தண்ணி தூக்கிட்டு வாராக. எழுதுனவுகளுக்கே அது தெரியாது.”

ஜலால் திரும்பி அத்தாவைப் பார்த்தான். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வயது ஆண்பிள்ளைக்கு அந்தக் கணத்தில் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. நல்லது. இரண்டு நாள் முன்னாலேயே வந்திருக்க வேண்டிய வெட்கம்.

ஓவர்சியர் மட்டும் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்.

“பள்ளிவாசல் முக்கா? அங்கருந்தா தூக்குறீங்க? எம்புட்டு தூரம்?”

“ஐநூத்தி அறுவது தப்படி” என்றார் சேக் இஸ்மாயில் சட்டென்று. “கொடத்தோட வந்தா அறுநூறு. வெத்தல எண்ணுன கை, எதையாச்சும் எண்ணாம இருக்காதுங்க. சந்துல நாப்பத்தேழு வீடு. புள்ளத்தாச்சி மூணு பேரு. குழாய்ல தண்ணி காலையில ஒம்பது மணிக்கு நின்னுரும், மத்தியானம் ஒரு மணி நேரம்தான் திரும்ப வரும். அதுக்குள்ள கடைசி வீட்டுக்காரிக்கு மொற வராது.”

“சங்கிலியப் பிடிடே” என்றார் ஓவர்சியர்.

அளந்தார்கள். ஓவர்சியரும் சேவகனும் சங்கிலியோடு, சேக் இஸ்மாயில் பக்கத்தில் நடந்தபடி, சந்து ஜனம் ஊர்வலமாகப் பின்னால். பள்ளிவாசல் முக்கு வந்ததும் ஓவர்சியர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

“ரெண்டு பர்லாங்குக்குப் பத்தடி கூட. ரெண்டைத் தாண்டினா புதுக் குழாய்க்கு நானே சிபாரிசு எழுதலாம்.” பிறகு ஜலால் பக்கம் திரும்பி ஒரு போடு போட்டார். “ஏன்வே, மூணு பத்தி அழுதிருக்கீரே, இந்தத் தூரத்த ஒரு வரி எழுதக் கூடாதா? பெத்த தகப்பன எதுக்குவே படுக்க வச்சீரு?”

மதுரையில் எத்தனையோ பேர் எத்தனையோ அறிவுரை கேட்டிருப்பார்கள். ஜலால் அன்று கேட்டதுபோலத் தைத்திருக்காது.

“இந்த மனு ஆகாது. இப்பவே புதுசா ஒண்ணு எழுதும். சந்துக்கு மூத்தவர் யாரோ அவர் பேரு முதல்ல இருக்கட்டும். எல்லாரும் கையெழுத்துப் போடுங்க” என்றார் ஓவர்சியர்.

*

எழுத இடம் எங்கே? கட்டில் இருந்ததே! போர்வையை மடித்து வைத்துவிட்டு, ஜலால் பலகையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். முதல் பத்தி எழுதினான். இரண்டாம் பத்தியில் தூரம், வீட்டுக் கணக்கு, தண்ணீர் நிற்கிற நேரம் எல்லாவற்றையும் அத்தா சொல்லச் சொல்ல எழுதினான். மூன்றாம் பத்திக்கு வந்ததும் பேனா நின்றது. கொஞ்சம் யோசித்து எழுதி, உரக்க வாசித்தான்.

“ஈச்சமரச் சந்தில் நாற்பத்தேழு வீட்டுக்கும் மூத்தவரான சேக் இஸ்மாயில் ராவுத்தர் அவர்கள், வயது அறுபத்தெட்டு...”

‘மூத்தவர்’ என்று வந்த இடத்தில் அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஜனங்கள் தலையை ஆட்டினார்கள். இத்தோடு அப்பனும் மகனும் ராசியாகிவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

“அதை அடிச்சிரு” என்றார் சேக் இஸ்மாயில்.

“ஏன் அத்தா? இது மரியாதையான வார்த்தைதான?”

“மரியாதையான வார்த்ததான். எனக்குள்ளது இல்ல. இந்தச் சந்துல மொத வீடு கட்டுனவரு முகைதீன் பிச்சை ராவுத்தரு. அவருக்கு எழுவத்தாறு.”

“அவுக படுக்கையிலல்ல அத்தா இருக்காக?”

“படுத்திருந்தா வயசு கொறஞ்சு போகுமாடா?”

 சுல்தான் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று வருஷமாக அவள் வீட்டுக்காரர் பேரை எந்தக் காகிதத்துக்கும் யாரும் கேட்டதில்லை.

ஜலால் அந்த வரியை அடித்தான். முகைதீன் பிச்சையின் பெயரை எழுதினான். அடுத்த வார்த்தைக்கு அவன் கை பழக்கத்தில் ‘த’ என்று தொடங்கப் பார்த்தது. நிறுத்திக்கொண்டான். எத்தனை நூறு மனு எழுதியவன், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் கேட்டான்.

“சின்னம்மா, அவுகளப் பத்தி என்னன்னு எழுதட்டும்?”

“கொஞ்சம் முடியாம இருக்காகன்னு எழுதுப்பா” என்றாள் சுல்தான் பீவி. “அம்புட்டுதான். வேற ஒண்ணும் வேணாம்.”

முதல் கைநாட்டு வாங்க எல்லாரும் அவள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவள் முன்னால் ஓடினாள். மற்றவர்கள் உள்ளே போவதற்குள் வீட்டுக்காரருக்குச் சட்டையைச் சரி செய்து, வெள்ளைத் தொப்பி வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்துவிட்டாள். ஓவர்சியர் வாசலில் பூட்ஸைக் கழற்றினார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து உள்ளே வந்தார்.

ஜலால் மையைத் தடவ முகைதீன் பிச்சையின் இடது கையைப் பிடித்தான். கிழவர் — நான் சொல்லலாம், என் கை அவர் தோளில் இருக்கிறது — கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். எல்லாரும் திகைத்தார்கள். அவருக்கு வாய் ஒரு பக்கம் கோணிப் பேச்சு குழறும். ஆனாலும் அந்த ஒரு சொல் தெளிவாக வந்தது.

“வாசி.”

படிக்காத காகிதத்தில் கைநாட்டு வைக்கிற ஆள் அவரில்லை. படுக்கையில் விழுந்தால் மட்டும் அது மாறிவிடுமா என்ன?

ஜலால் நின்றுகொண்டு வாசித்தான். “இச்சந்தின் மூத்தவரும், இங்கே முதல் வீடு கட்டியவருமான முகைதீன் பிச்சை ராவுத்தர் அவர்கள், வயது எழுபத்தாறு, தற்சமயம் சற்று முடியாமல் இருக்கிறார்கள். அவர்களும், கீழே கையொப்பமிட்டுள்ள அனைவரும் கேட்டுக்கொள்வது யாதெனில்...”

முகைதீன் பிச்சை முழுவதும் கேட்டார். மனைவியை ஒரு தரம் பார்த்தார். பிறகு இடது கையைத் தானே நீட்டினார். கட்டைவிரலை மையில் ஒற்றி, காகிதத்தின் தலைமாட்டில் அழுத்தி வைத்தார். சுல்தான் பீவி அழுதாள். அழுதுகொண்டே சந்து முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தாள் பாருங்கள், ராணி பார்ப்பதுபோல் இருந்தது.

அடுத்த கையெழுத்து சேக் இஸ்மாயிலுடையது. அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வீடு. எல்லார் பெயருக்கும் பக்கத்தில் வயதைக் கேட்டு எழுதினான் ஜலால். அறுபதைத் தாண்டிய ஒருவர்கூடக் குறைத்துச் சொல்லவில்லை. ஒருவர் இரண்டு வருஷம் கூட்டிச் சொல்லி மாட்டிக்கொண்டார்.

“அடுத்த வாரம் கூட்டத்துல வைக்கிறேன். முடிவு அங்கதான்” என்று ஓவர்சியர் மனுவை வாங்கிக்கொண்டார். போகும்போது சேக் இஸ்மாயிலைப் பார்த்து, “வாறேன் பெரியவரே” என்றார். வந்தபோது கேட்டது வேறு வார்த்தை என்பது உங்களுக்கு ஞாபகமிருக்கும்.

மத்தியானம் ஜலால் கச்சேரிக்குப் போகவில்லை. இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் முக்குக்கு நடந்தான். திரும்பி வந்து இறக்கி வைத்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது.

“எத்தன தப்படி?” என்று கேட்டார் சேக் இஸ்மாயில்.

“அறுநூத்தி முப்பது அத்தா.”

“பழகுனா கொறயும்” என்றார். ஆரிபா உள்ளே சிரித்தது இரண்டு பேருக்கும் கேட்டது.

சாயந்திரம் சந்து முனையில் மாட்டு வண்டி வந்து நின்றது. கருத்தக்கண்ணன் இறங்கினார். ஒரு கையில் கம்பு, மறு கையில் சீல் வைத்த காகிதமும் அதோடு தைத்த மனு நகலும். காலையில் இருந்த சிரிப்பு முகத்தில் இல்லை. வழியில் யாரோ பாதி வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.

அவர் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். கம்பை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, காகிதத்தை ஜலாலிடம் நீட்டினார்.

“தம்பி, மத்ததெல்லாம் இருக்கட்டும். அந்த மூணாவது பத்திய மட்டும் கொஞ்சம் உரக்க வாசி.”